பாக்கலாமுங்க

ஜூன் 3, செவ்வாய்

மாடல் இன்று என்னைச் சிரிக்க வைத்துவிட்டது. ஒருவர் தொலைபேசியில் ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் சொல்கிறார்: "மாத்தர போட ஆரம்பிச்சதுலருந்து எங்கூட்டுக்காரி வெக்கற கொழம்பெல்லாம் கசக்குதுங்க. அவகிட்டச் சொல்ல முடியுமுங்களா? கரண்டியத் தூக்கிருவா." மாடல் எழுதிய சுருக்கம்: "மருந்தினால் வாய்க்கசப்பு. மனைவிக்குத் தெரிவிக்கவில்லை." கரண்டியைத் தொடவில்லை, குழம்பின் மேல் பழி போடவும் இல்லை. நான் எழுதியிருந்தால் இரண்டு வரி கூடுதலாக ஆகியிருக்கும்.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். இங்கே முழுதாக எழுதலாம். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். மாதம் ஒரு முறை மருத்துவமனைக்கு வந்து வாங்கிப் போக வேண்டும். அந்த நாளுக்கு முன்பே சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து நினைவூட்டுகிறார். அவர்கள் சம்மதத்தோடு அந்தப் பேச்சு பதிவாகி, எழுத்தாகி, பெயர் நீக்கப்பட்டு, பீளமேட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. மொழி மாடல் என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல் அதைப் படித்து, சுருக்கம் எழுதி, இரண்டில் ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும்: வருவார், வரமாட்டார். வரமாட்டார் என்றால் களப்பணியாளர் மாத்திரையோடு வீட்டுக்கே போவார். வருவார் என்றால் யாரும் போக மாட்டார்கள். எல்லா வீட்டுக்கும் போக ஆள் போதாது. அதற்காகத்தான் மாடல்.

இப்போது ஒரே ஒரு வட்டாரத்தில் சோதனையாக ஓடுகிறது. ஜூலையிலிருந்து மாவட்டம் முழுக்க ஓடப்போகிறது. அது சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க நாங்கள் மூன்று பேர். நாகர்கோவில் ஷெர்லி, சென்னை ஹேமந்த், கோபிசெட்டிபாளையத்திலிருந்து நான். அதே பேச்சைக் கேட்டு அதே கட்டங்களில் நாங்களும் குறியிடுகிறோம். மூவரில் இருவர் சொல்வது சரியான விடை. அதை வைத்துத்தான் மாடலுக்கு மதிப்பெண், அதை வைத்துத்தான் அதற்குப் பயிற்சியும்.

ஜூன் 5, வியாழன்

காலையில் கேட்ட ஒரு குரல் இன்னும் காதில் இருக்கிறது. பின்னால் விசைத்தறிச் சத்தம்.

"திங்கக்கெழம மாத்தர வாங்க வந்துருவீங்கல்லங்ணா?" என்கிறார் சிஸ்டர்.

"பாக்கலாமுங்க."

"கண்டிப்பா வரோணும்ங்ணா. நாலாவது மாசம். இப்ப உட்டுட்டா மொதல்லருந்து ஆரம்பிக்கோணும்."

தறிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு மறுபடியும், "பாக்கலாமுங்க."

நான் வரமாட்டார் என்று குறியிட்டேன். ஷெர்லி வருவார். ஹேமந்த் வருவார். மாடலும் வருவார். ஆக, விடை வருவார். யாரும் போக மாட்டார்கள்.

டீ குடிக்கப் போனபோது ஷெர்லி பிடித்துக்கொண்டாள். "எங்க ஊர்ல போன வைக்கும்போ 'செரி, பாக்கலாம்'னுதான மக்கா சொல்லுவோம்? அந்த மனுசன் மரியாதயா சொல்லுதாரு, நீ என்னன்னா வரவே மாட்டாருன்னு போடுக!"

"வர மாட்டாரு."

"ஜோசியமா?" என்றான் ஹேமந்த். "அப்டியே எனக்கு எப்போ இன்கிரிமென்ட்னு பாத்துச் சொல்லேன்."

வடை ஆறிப்போனது.

ஜூன் 9, திங்கள்

எங்கள் மூவருக்கும்கூட மதிப்பெண் உண்டு. மற்ற இருவரோடு எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்பதன் கணக்கு. இன்று அதைச் சுவரில் ஒட்டினார்கள். நான் கடைசி.

மாடலுக்குப் பயிற்சி கொடுப்பவன் யுகேந்திரன். மதுரைக்காரன். காகிதத்தின் முன்னால் நின்று தலையை ஆட்டினான். "வைதேகி, இதப் பாத்தா எனக்கு என் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் வருதுப்பா. மாடலே உன்னையவிட ஷெர்லி கூட நல்லா ஒத்துப்போகுது."

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாத முடிவிலும் கடைசியில் இருப்பவரின் குறிகளைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆளையும். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. வேறு வேலை கிடைக்கும். ஆனால் என் குறிகளை எடுத்துவிட்டால், அந்த மாதிரிக் குரல்களைச் சந்தேகப்பட இங்கே யாருக்கும் காரணமே இருக்காது.

விடுதிக்கு வந்து புத்தக அலமாரியைத் துடைத்தேன். துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்ததை அறைத்தோழி சொல்லித்தான் கவனித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று அவருடைய திங்கட்கிழமை. வந்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. நோயாளியைப் பற்றி நாங்கள் விசாரிக்கவும் கூடாது. சரியான விதிதான் அது.

ஜூன் 13, வெள்ளி

சுலைகா மேடம் என்னைக் கூப்பிட்டார். மாடலை மதிப்பிடும் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. காயல்பட்டினத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். பேசும்போது எதிரில் இருப்பவர் முடித்துவிட்டாரா என்று ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார். வேலையிலிருந்து எடுக்கப்போவதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு ஹெட்போனில் ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"நீ மட்டும் தனியா நின்ன அழைப்பையெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். வா, கேப்போம்."

மத்தியானம் வரை கேட்டோம். அவர் ஒரு காகிதத்தில் ஏதோ கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அதை என் பக்கம் திருப்பினார். "அத்தனையிலயும் ஒரே சொல்லு, பாக்கலாம். கவனிச்சியா?"

உண்மையில் நான் கவனித்திருக்கவில்லை. ஒவ்வொரு குரலாகத்தான் கேட்டேன், சொல்லாக அல்ல.

"யாரு தப்புன்னு எனக்கு இன்னும் தெரியாது," என்றார். "ஆனா கவனமில்லாம குறி போடறவங்களோட தப்பு எல்லா எடத்துலயும் செதறிக் கெடக்கும். உன்னோடது ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்கு. அது கவனக்கொறைவு இல்ல. காது."

இதைச் சொல்ல எத்தனை பொறுமை வேண்டும்! மதிப்பெண் குறைந்தவரை நீக்குவது சுலபம். அவர் குறைந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். நான் படித்த எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இப்படி ஒரு வேலைமுறையைப் பார்த்ததில்லை. அல்லது எழுதத் தகுந்ததாக யாரும் நினைக்கவில்லை.

"சரி, அது மறுப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க பக்கத்துப் பேச்சு மேடம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பேருந்தில் வரும்போது யோசித்தேன். 'லாம்' என்று முடியும் சொல்தான் எத்தனை வேலை செய்கிறது. உட்காரலாம் என்றால் அனுமதி. போகலாம் என்றால் அழைப்பு. மழை வரலாம் என்றால் ஊகம். பாக்கலாம் என்றால் மட்டும், எங்கள் ஊரில், கதவை மெதுவாகச் சாத்துவது. எதிரில் இருப்பவர் மனம் நோகாமல், தாழ்ப்பாள் சத்தம்கூடக் கேட்காமல். மறுப்பதற்கு நமக்கு மறுப்புச் சொல் தேவைப்படுவதில்லை. பாவம் மாடல், அது சொற்களிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். தலையணை உறைகள் காயவில்லை.

அம்மா போன். "கண்ணு, ஆவணியில அப்பாவுக்குத் திதி வருது. இப்பவே லீவு சொல்லி வெச்சுரு. போன தடவையாட்டம் கடைசி நேரத்துல ஓடியாராத."

மூன்றாவது வருடம். ஆஸ்பத்திரிக்கு எப்போது போகலாம் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த ஒரே சொல்லைத்தான் பதிலாகச் சொல்வார். அம்மா எடுத்து வைத்த பையை மறுபடி பீரோவுக்குள் வைத்துவிடுவார்.

படித்துக்கொண்டிருக்கும் நாவலில் இருபது பக்கம் போனது. மொழிபெயர்ப்பு சுமார்.

ஜூன் 18, புதன்

சுலைகா மேடம் மருத்துவமனையிடம் முறைப்படி அனுமதி கேட்டிருந்தார். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், வந்தார் அல்லது வரவில்லை என்பது மட்டும் போதும் என்று. இன்று விவரம் வந்தது.

'பாக்கலாம்' சொன்ன முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேர் வரவில்லை.

தறிச்சத்தக்காரரும் வரவில்லை. எங்களிடம் சொல்வதற்கு முன்பே, வராத அத்தனை பேரைப் பற்றியும் மேடம் மருத்துவமனைக்குப் பேசிவிட்டார். அந்த வட்டாரத்துக் களப்பணியாளர் தமயந்தி உடனே பத்து நாள் மாத்திரையோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். மீதியை வரும் வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி, மருத்துவமனைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஒன்பது நாள் மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார் அந்த மனிதர். இன்னொரு முறை விட்டால் இத்தனை மாதமும் வீண்.

யுகேந்திரன் கையைத் தூக்கினான். "வைதேகி, என் கெமிஸ்ட்ரி மார்க்க வாபஸ் வாங்கிக்கிறேன். இப்பவே ஒரு வரி எழுதிர்றேன். 'பாக்கலாம்' வந்தா வரமாட்டார். சோலி முடிஞ்சது."

"ஒம்பது பேரு வந்திருக்காங்களே, யுகா," என்றார் மேடம். "அவங்க வீட்டு வாசல்ல தேவையில்லாம ஆஸ்பத்திரி ஆளு போய் நின்னா தெருவே என்னன்னு கேக்கும். அது சின்ன விஷயமா?" பிறகு என்னைப் பார்த்தார். "ஒம்பதுலயும் நீ தப்பு. அந்தச் சொல்லு மேல உனக்கென்னம்மா அவ்ளோ கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல மேடம்," என்று சொல்லி, பதிவை எழுத்தாக்கும்போது இடைவெளிகள் விடுபட்டுப்போவதைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அதுவும் பேச வேண்டிய விஷயம்தான். அவர் நான் முடிக்கும் வரை கேட்டார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இரண்டு நாளாக அந்த ஒன்பது பேரைத்தான் கேட்கிறேன். நான் தவறிய ஒன்பது பேர்.

"பாக்கலாமுங்க. எத்தன மணிக்குங்க தொறப்பாங்க?"

"பாக்கலாமுங்க. சோறு தின்னுபோட்டு வரலாமுங்களா?"

"பாக்கலாம் சிஸ்டர். பழைய சீட்டு வேணுமுங்களா, அதத் தொலச்சுப்போட்டேன்."

எல்லோரும் ஏதோ ஒன்றைக் கேட்கிறார்கள். வராத இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட எதையும் கேட்கவில்லை. இத்தனை நாளும் நான் அந்தச் சொல் வந்ததும் கேட்பதை நிறுத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொன்னதும் ஷெர்லி மேசையைத் தட்டினாள். "அப்போ கேள்வி கேட்டவரு மனசுல பாதி தூரம் வந்தாச்சுன்னுல்லா அர்த்தம்! எங்கம்மகூட கல்யாண வீட்டுக்கு வரலன்னா சும்ம இருப்பா. வாறதா இருந்தா என்ன சேல உடுத்தன்னு கேப்பா."

மேடம் இன்றைக்கே மூன்று முடிவுகள் எடுத்தார். பெரும்பான்மை இனி விடை இல்லை. "மூணு பேரு சேந்து தப்பாக் கேட்டா அது சரியாயிடாது. அவரு வந்தாரா இல்லையா, அதுதான் விடை." இனி அந்த விடைகளை வைத்துத்தான் பயிற்சி. அடுத்தது, சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்தார். நான் வேலையில் தொடர்கிறேன். மூன்றாவதுதான் என்னை அசைத்தது. "இத்தன நாளும் ரெண்டு கட்டம்தான் குடுத்தோம். தெரியலன்னு சொல்ல மாடலுக்கு நாம எடமே விடல. உங்களுக்கும்தான்." மூன்றாவதாக ஒரு கட்டம்: தெரியவில்லை. அதில் குறி விழுந்தாலும் ஆள் போவார்.

"அப்போ எல்லாத்துக்கும் தெரியலன்னு சொல்லிட்டு அது ஜாலியா உக்காந்துக்குமே மேடம்," என்றான் யுகேந்திரன்.

"உன்னைமாதிரி வளத்தா அப்படித்தான். ஒழுங்கா வள."

ஜூன் 24, செவ்வாய்

புதிய மாடல் வந்துவிட்டது. யுகேந்திரன் சனி ஞாயிறு இரண்டு நாளும் வீட்டுக்குப் போகவில்லை. கண் சிவந்திருந்தது. ஆனாலும் குழந்தையை முதல் நாள் பள்ளிக்கு அழைத்து வந்த தகப்பன்போல் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். மாடல் இதுவரை பார்க்காத பழைய அழைப்புகளைக் கொடுத்தோம். யார் வந்தார் என்பது மருத்துவமனைக்குத் தெரியும். எங்களுக்கும் அதற்கும் தெரியாது.

எங்கள் மூவரையும்விட நன்றாகச் செய்தது. தெரியவில்லை என்று அது சொன்னது ஒரு சிலவற்றுக்குத்தான்.

ஒன்றை இங்கே எழுதி வைக்க வேண்டும். ஒரு பெண்: "பாக்கலாமுங்க சிஸ்டர். பாப்பாவ எங்க உடறதுன்னே தெரியல. அங்க வெளிய பெஞ்சு கெடக்குதுங்களா?" கேள்வி இருந்தும், குழந்தையைக் காரணம் காட்டுகிறாள், வர மாட்டாள் என்றே போட்டேன். மாடல் வருவார் என்று போட்டு, காரணமாக ஒரு வரி எழுதியிருந்தது: "குழந்தையோடு வர வழி பார்க்கிறார்."

அவள் வந்திருக்கிறாள்.

அந்த வரியைப் பலமுறை படித்தேன். பெஞ்சு என்றால் என்ன, இடுப்புக் குழந்தையின் கனம் என்ன என்று அதற்குத் தெரியாது என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அது படித்ததெல்லாம் மனிதர்கள் எழுதியது. குழந்தையை எங்கே விடுவது என்று எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் எழுதியிருப்பார்கள். அந்தக் கவலையெல்லாம் எங்கோ அதற்குள் படிந்து கிடந்து, சரியான கேள்வி வந்ததும் எழுந்து வந்திருக்கிறது. காது என்று மேடம் என்னைப் புகழ்ந்தார். எனக்கு ஒரு வீட்டின் காது. அதற்கு எத்தனை வீடுகள்!

ஜூன் 26, வியாழன்

தறிச் சத்தம். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நாளைக்கு வெள்ளிக்கெழமைங்ணா. மாத்தர வாங்க வந்துருங்க."

"பாக்கலாமுங்க." இடைவெளி. "அந்தச் சிஸ்டரு இருப்பாங்களா?"

"எந்தச் சிஸ்டருங்ணா?"

"கண்ணாடி போட்டவங்க."

"இருப்பாங்க."

"செரிங்க."

கேள்வி கேட்டுவிட்டார்! கை தானாகப் போய் வருவார் என்று குறியிட்டது. இவ்வளவு வேகமாக நான் எதற்கும் குறியிட்டதில்லை. ஹேமந்தும் வருவார். ஷெர்லி மட்டும் வரமாட்டார். "அந்த சிஸ்டர் ஏசும்னு பயந்துல்லா கேக்காரு. இருப்பாங்கன்னதும் தொண்ட கம்மிப்போச்சு, கேக்கலியா?"

மாடல்: தெரியவில்லை. காரணம்: "ஒருவர் இருப்பாரா என்று கேட்கிறார். அவரைச் சந்திக்கவா தவிர்க்கவா என்பது பேச்சில் இல்லை."

"இத்தன பாடுபட்டு, தெரியாதுன்னு சொல்றதுக்குக் கத்துக்குடுத்துருக்கேன்," என்றான் யுகேந்திரன். "எங்கப்பாகிட்ட சொன்னா, இதத்தான நீ பத்தாவதுல சும்மாவே செஞ்சன்னு கேப்பாரு."

நாளைக் காலை தமயந்தி போகிறார். அவர் போகவேண்டிய வீடுகள் ஏற்கனவே நிறைய. வீண் நடையாகப் போய்விடுமே என்று ஹேமந்த் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். தறிக்காரர் வந்துவிடுவார். வர வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

பதினொரு மணிவாக்கில், மருத்துவமனையின் அனுமதியோடு, தமயந்தி அங்கிருந்து பேசினார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"வூட்டுல ஆளு இல்லீங்க மேடம். போச்சுடான்னு திரும்புனா, பஸ் ஸ்டாப்புல நிக்கறாரு. இஸ்திரி போட்ட சட்ட. சேப்புல பழைய மாத்தர அட்ட. ரெண்டு பஸ்ஸ உட்டுட்டாருங்களாமா."

"ஏன்?"

"அதத்தானுங்க நானும் கேட்டேன். அந்த மாத்தர ரூம்பு முன்னால தனியாப் போயி நிக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்கறாரு. தறியில வேல செய்யறவங்க யாராச்சு பாத்துட்டா வெளிய தெரிஞ்சுபோயிரும்னு பயம். கண்ணாடி சிஸ்டரு பேரச் சத்தமாக் கூப்புடாதுங்களாமா, அதனால அவிய இருக்காங்களான்னு கேட்டுக்கிட்டாராம். அப்பறமும் பஸ் ஏறக் காலு வரலீங்க. நாஞ் சொன்னேன், வாங்ணா, யாராச்சு கேட்டா எங்கண்ணன்தான் எனக்குத் தொணைக்கு வந்துருக்குதுன்னு சொல்லிக்கறேன்னேன். சிரிச்சுப்போட்டாரு. அடுத்த பஸ்ல ஏறி வந்துட்டோமுங்க. ஒரு மாசத்துக்கு வாங்கியாச்சு."

ஷெர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏசி தூசி என்றாள்.

யுகேந்திரன் கணினியின் முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் உண்மையில் நடந்ததைப் பதிய வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த பயிற்சி. "மேடம், இவருக்கு என்ன போடட்டும்? வந்தாருன்னா?"

"வந்தாருல்ல?" என்றான் ஹேமந்த். "அப்போ நானும் வைதேகியும் ரைட்டு."

"எங்க வந்தாரு? ஆளு போயில்லா கூட்டிட்டு வந்திருக்கு," என்றாள் ஷெர்லி. "நாந்தான் சரி."

"அதெப்படி? பஸ் ஸ்டாப் வரைக்கும் அவராத்தானே வந்தாரு! சட்டைய அயர்ன் பண்ணிட்டு!"

"ரெண்டு பஸ்ஸ விட்டுருக்காரே!"

"மூணாவதுல ஏறியிருப்பாரு!"

என்னிடம் கேட்டார்கள். நான் அந்த மனிதரை நினைத்துக்கொண்டிருந்தேன். வருவதற்கும் வராமலிருப்பதற்கும் நடுவில் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? மறுப்பு என்று அடித்துச் சொன்னேன், பிறகு சம்மதம் என்று அடித்துச் சொன்னேன். அவர் இரண்டு முறையும் அதே சொல்லைத்தான் சொன்னார். கூட ஒருவர் வந்தால் வருகிறேன் என்பதற்கு அவரிடம் வேறு சொல் இல்லை.

"ஏறியிருப்பாரா மாட்டாரான்னு யாருக்குத் தெரியும்?" என்று யுகேந்திரன் சலித்துக்கொண்டான். "அந்த மனுசனுக்கே தெரிஞ்சிருக்காது."

சுலைகா மேடம் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"நீயே சொல்லிட்டியே யுகா. அதையே போடு."

அவன் மூன்றாவது கட்டத்தில், 'தெரியவில்லை'யில், குறியிட்டான். மாடலின் பெயருக்கு நேரே 'சரி' என்று விழுந்தது. அதற்குக் கீழே ஷெர்லி, ஹேமந்த், நான், மூன்று பேருக்கும் வரிசையாகத் 'தவறு'. ஒரு தவறுக்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.